அளத்துக் கால்

பெண் பார்க்க வீட்டுக்கு வர வேண்டாம், மலைக்கு வாருங்கள் என்று தமிழ்நிலாவின் வீட்டில் சொன்னபோது அதிகம் மகிழ்ந்தவர் மாப்பிள்ளையின் அப்பா அர்ச்சுனன்தான். அவர் மலை ஏறியவர் இல்லை. செஞ்சிக் கோட்டையைக்கூடத் திருவண்ணாமலை பஸ்ஸின் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி.

"மலைன்னா எல்லாரும் ஷூ போட்டுக்கினுதானே வரணும்?" என்று மகன் ராஜ்கமலிடம் போனில் கேட்டார்.

"ஆமாம்பா. கண்டிப்பா போடணும். மழை பேஞ்சு பாறையெல்லாம் பாசியா இருக்குமாம்."

"அப்ப வர்றோம்னு சொல்லிடு."

போனை வைத்துவிட்டு மனைவியின் காலைப் பார்த்தார். அடுப்படி வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த சுலோசனா, அந்தப் பார்வை பட்டதும் காலை மடக்கிப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள். இந்தச் சம்பந்தப் பேச்சு தொடங்கிய மூன்று வாரமாக அவளுக்கு இந்தப் பழக்கம் வந்திருந்தது. காலுக்குத் தனியாக வெட்கம் வரும் என்பது நாற்பத்தெட்டு வயதில்தான் அவளுக்குத் தெரிந்தது.

யார் வீட்டுக்குப் போனாலும் செருப்பை வாசலில் விட வேண்டும். சோபாவில் உட்கார்ந்தால் நமக்கு முன்னால் நம் கால்தான் அறிமுகம் ஆகும். முகத்துக்குப் பவுடர் உண்டு, தலைக்குச் சாயம் உண்டு. இருபத்து நான்கு வருடம் உப்புத் தண்ணீரில் நின்ற காலுக்குப் பூச ஒன்றும் கிடையாது. குதிகாலில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு. பாதத்தின் ஓரமெல்லாம் வெள்ளை பூத்து, சுண்ணாம்பு உதிர்ந்த சுவர் மாதிரி. விரல்கள் ஒன்றோடொன்று சண்டை போட்டுக்கொண்டவை போல விலகி நின்றன. மரக்காணத்தில் இதற்கு அளத்துக் கால் என்று பெயர். உப்பளத்தைத்தான் அங்கே அளம் என்பார்கள். பஸ்ஸில் எதிரே உட்கார்ந்திருப்பவளின் காலைப் பார்த்தே அவள் என்ன வேலை செய்கிறாள், ஏறக்குறைய எத்தனை வருடமாகச் செய்கிறாள் என்று சொல்லிவிடுவார்கள்.

பெண்ணின் அப்பா தமிழ்வேந்தன் புதுச்சேரியில் ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளர். முதல் தடவை போனில் பேசியபோது அர்ச்சுனன் அவரிடம் சொன்னது இது: "அளம் இருக்குதுங்க. வேலைக்கு ஆளுங்க இருக்காங்க. வூட்ல அவங்க சும்மாதான் இருக்காங்க."

ஒவ்வொரு வாக்கியமாக எடுத்துப் பார்த்தால் எதுவும் முழுப் பொய் இல்லை. அளம் இருந்தது, நாலு ஏக்கர், குத்தகைக்கு. ஆட்களும் இருந்தார்கள்: அர்ச்சுனன், பக்கத்து வீட்டு ஆராயி, மூன்று வருடம் முன்பு வரை சுலோசனா. இப்போது அவள் வீட்டில்தான் இருந்தாள். தை மாதம் சேறு மிதிக்கிற பத்து நாளுக்கு மட்டும் ஆள் கிடைக்காமல் போனால் அவளையே கூப்பிடுவார். பத்து நாள் தானே என்பார்.

அவளை நிறுத்தியவன் ராஜ்கமல். சென்னையில் வேலையில் சேர்ந்த முதல் மாதமே, "போதும்மா, இனிமே அளத்துக்குப் போவாத" என்று சொன்னான். அது பாசமா, அல்லது நாளைக்கு நண்பர்கள் வந்தால் அம்மா என்ன செய்கிறாள் என்று சொல்ல வேண்டியிருக்குமே என்ற கூச்சமா என்று அவளுக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை. பாசம் என்றால் கேட்டுக் கெடுப்பானேன். கூச்சம் என்றால் கேட்டுத் தெரிந்துகொள்வானேன். மூன்று வருடமாக அந்தக் கேள்வியை அவள் வாயில் அடக்கிய கல்லுப்பு மாதிரி வைத்திருந்தாள். கரையவும் இல்லை, துப்பவும் இல்லை.

ராஜ்கமல் அனுப்பிய ஷூ கூரியரில் வந்தது. ஆண்கள் ஷூ, ஒன்பதாம் நம்பர். அம்மாவின் காலை மூட என்ன சைஸ் வேண்டும் என்று சரியாகக் கணக்குப் போட்டிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டாள். அந்த நினைப்பு கசந்தது.

பழகிக்கொள்ளச் சொல்லியிருந்தான். மலை ஏறிப் பழக மரக்காணத்தில் மேடு எங்கே இருக்கிறது? பாத்திகள் எல்லாம் கார்த்திகை மழையில் ஒரே ஏரியாகக் கிடந்தன. விற்காமல் கீற்று போட்டு மூடி வைத்திருந்த உப்பு அம்பாரம் ஒன்றுதான் ஊரில் உயரம். அதில் ஏறினால் உப்பு சரிகிறது என்று அர்ச்சுனன் சத்தம் போட்டார். அதனால் வரப்பில் நடந்தாள். எதிரே வந்த ஆராயி நின்று பார்த்தாள்.

"இன்னாக்கா, காலுக்கொரு தோணியை மாட்டிக்கினு எங்க கிளம்பிட்ட?"

"மலைக்குடி. பொண்ணு பாக்க."

"மலை மேல எவ உக்காந்துனு இருக்கா?"

"பொண்ணோட அம்மா அப்பா எல்லாரும் வர்றாங்க. அந்தம்மாவுக்கு மலை ஏறுறதுதான் வேலையாம். சேந்து ஒரு நாள் நடந்தா மனுஷங்க குணம் தெரிஞ்சுடுமாம். அதனால ஜாதகம் பாக்கலியாம்."

"அப்பிடின்னா நம்ம ரெண்டு பேரு குணமும் இந்நேரம் கெசட்ல வந்திருக்கணுமே" என்றாள் ஆராயி. அவள் சொல்லி முடிப்பதற்குள் சுலோசனாவுக்கு வரப்பில் சறுக்கியது. ஆராயி கையைப் பிடித்தாள். "காலைத் தூக்காதக்கா. நவுத்து. அதுக்குள்ள மறந்துட்டியா?"

மறக்கவில்லை. பருவம் தொடங்குவதற்கு முன்னால் பாத்தியின் தரையை மிதித்து இறுக்க வேண்டும். அடியில் களிமண், மேலே மழைக்காலம் முழுக்கப் படிந்த பாசி. முன்னால் போகிறவளின் தோளைப் பிடித்துக்கொண்டு பெண்கள் வரிசையாக மிதிப்பார்கள். காலைத் தூக்கி வைத்தால் தரையில் குழி விழும், குழி விழுந்தால் தண்ணீர் கீழே இறங்கும், உப்பு விளையாது. அதனால் தூக்கக் கூடாது. பெருவிரலால் முதலில் தரையைத் தொட்டுப் பார்த்து, பாதத்தைப் பக்கவாட்டில் திருப்பி, எடையைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்ற வேண்டும். அவள் கால் அந்த நடையால் ஆன கால்.

"ஷூவுல நவுத்த முடியலடி. உள்ள என் கால் எங்க இருக்குதுன்னே எனக்குத் தெரியல."

"அதுக்குத்தானே வாங்கிக் குடுத்திருக்காங்க" என்றாள் ஆராயி. வேண்டுமென்றே சொன்னாளா, வாயில் வந்ததா என்று தெரியவில்லை.

கல்வராயன் மலையடிவாரத்தில் காலை ஏழு மணிக்கு இரண்டு குடும்பமும் சந்தித்துக்கொண்டன. தமிழ்நிலாவுக்கும் ராஜ்கமல் வேலை பார்க்கும் அதே அலுவலகம்தான். ஒல்லியாக, கண்ணாடி போட்டுக்கொண்டு, சட்டென்று சிரிக்கிற பெண். அவள் அம்மா அம்சவல்லி இரண்டு கையிலும் ஊன்றுகோல், இடுப்பில் ஒரு பெல்ட், எத்தனை அடி நடந்தோம் என்று எண்ணுகிற வாட்ச், முதுகில் பெரிய பையோடு வந்திருந்தாள். மலையைப் பிடித்துக் கொண்டுபோகத் தயாராக வந்தவள் மாதிரி இருந்தது. தமிழ்வேந்தன் எதைச் சொன்னாலும் ஒரு நிமிடம் யோசித்துவிட்டுப் பேசினார். வழிகாட்டி அய்யனார் மலைக்காரர். ரப்பர் செருப்பு போட்டிருந்தார்.

"இது எனக்குப் பதினேழாவது ட்ரெக்" என்றாள் அம்சவல்லி. "வீட்ல உக்காந்து காபி குடிச்சிட்டுப் பேசினா எல்லாரும் நல்லவங்கதான். ஏத்தத்துல மூச்சு வாங்கும்போதுதான் உண்மையான கேரக்டர் வெளிய வரும்."

"கரெக்டுங்க" என்றார் அர்ச்சுனன். அவர் கண் சுலோசனாவின் ஷூக்களில் இருந்தது. கயிறு இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார்.

பாதை முதல் வளைவிலேயே நிமிர்ந்துகொண்டது. மழை நின்று இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. கற்கள் மேல் பச்சைக் கம்பளம் மாதிரி பாசி. மரங்களின் அடிவரைக்கும் பாசி. சுலோசனாவுக்கு அதைப் பார்த்ததும் பயம் வரவில்லை. தெரிந்த முகத்தைத் தெரியாத ஊரில் பார்த்தது போலத்தான் இருந்தது. ஆனால் ஷூவுக்கு அந்த முகம் தெரியவில்லை. முதல் அரைமணியில் மூன்று தடவை விழுந்தாள். ஒவ்வொரு தடவையும் அம்சவல்லி வந்து தூக்கிவிட்டாள்.

"வீட்லயே இருந்தவங்களுக்குக் கஷ்டமாத்தான் இருக்கும்க்கா. பயப்படாதீங்க. குதிகாலை அழுத்தி வெச்சு நடங்க. இப்படி. ஒண்ணு, ரெண்டு."

சுலோசனா அவள் காட்டியபடி குதிகாலை அழுத்தி வைத்தாள். நான்காவது தடவை விழுந்தாள்.

விழுவது வலிக்கவில்லை. நடக்கத் தெரியாதவள் என்று இரக்கத்தோடு நடத்தப்படுவதுதான் என்னவோ செய்தது. தலையில் இருபத்தைந்து கிலோ ஈர உப்போடு, ஒரு முழ அகல வரப்பில், ஒரு நாளைக்கு நூறு நடை நடந்தவள் அவள். அதைச் சொன்னால் கல்யாணம் நின்றுபோகும் என்று மூன்று வாரமாக வீட்டில் பேச்சு. சொல்லாவிட்டால் அவள் இந்த மலையில் சுத்தமாக இல்லாமல் போகிறாள். ராஜ்கமல் பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான். அவன் முகத்தில் இருந்தது கவலையா, அம்மா மானத்தை வாங்குகிறாளே என்பதா? அதுவும் தெரியவில்லை.

அர்ச்சுனன் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்: "பல்லைக் கடிச்சுக்க சுலோ. சாயங்காலம் வரைக்கும்தான்."

"நான் பல்லால நடக்கலியே" என்றாள்.

மேலே ஒரு அருவி. அதன் எதிரில் பாறையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அம்சவல்லி அவித்த முட்டைகளை உரித்து எல்லோருக்கும் கொடுத்தாள். ஒரு சின்ன டப்பாவைத் திறந்தாள். உள்ளே இளஞ்சிவப்பாக ஒரு பொடி.

"இந்துப்பு. மலையில வெட்டி எடுக்கறது. கடல் உப்பை நாங்க நிறுத்தி நாலு வருஷம் ஆச்சு. அதுல ப்ளாஸ்டிக் எல்லாம் கலந்திருக்குதாம்." சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்பது நினைவுக்கு வந்தது. "ஐயோ, உங்க உப்பைச் சொல்லலைங்க. பொதுவா சொன்னேன்."

"பரவால்லங்க" என்றார் அர்ச்சுனன். இந்துப்பை முட்டையில் தூவிச் சாப்பிட்டார். "நல்லாத்தான் இருக்குது."

சுலோசனா தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்பு இருந்தது. வெயில் இல்லை.

அப்போது அருவிக்கு மேலே மேகம் கறுத்தது. அர்ச்சுனன் கையில் பாதி முட்டையோடு சட்டென்று எழுந்து நின்றுவிட்டார். கண்கள் நாலு பக்கமும் எதையோ தேடின. சுலோசனாவும் பாதி எழுந்திருந்தாள். அவர் தேடுவது கீற்றும் தார்ப்பாயும் என்று இந்த மலையில் அவளுக்கு மட்டும் தெரியும். மேகம் கறுத்தால் ஓடிப்போய் அம்பாரத்தை மூட வேண்டும். இங்கே மூட ஒன்றும் இல்லை. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். காலையிலிருந்து முதல் தடவையாக அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"மழைன்னா பயமா சார்?" என்று கேட்டாள் அம்சவல்லி.

"ஆமாங்க" என்று உட்கார்ந்தார் அர்ச்சுனன். அன்று அதுவரை அவர் சொன்னதில் அதுதான் கலப்படமில்லாத உண்மை.

இறங்கத் தொடங்கியதும் மழை பிடித்துக்கொண்டது. பாதிவழியில் ஒரு பாறைச் சரிவு. ஏறும்போது அய்யனார் ஒவ்வொருவராகக் கைபிடித்து ஏற்றிவிட்ட இடம். இப்போது அதன் மேல் தண்ணீர் மெலிதாக ஓடிக்கொண்டிருந்தது. பாசி ஊறித் தடித்திருந்தது. இளையவர்கள் இருவரும் உட்கார்ந்து நகர்ந்தே இறங்கிவிட்டார்கள். அய்யனார், கண்ணாடியில் நீர் வழியும் தமிழ்வேந்தனைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். தான் திரும்பி வரும்வரை மற்றவர்கள் மேலேயே இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுத்தான் போனார். ஆனால் பதினேழாவது ட்ரெக்குக்கு வந்தவள் எப்படிக் காத்திருப்பாள்? அம்சவல்லி குதிகாலை அழுத்தி வைத்து இறங்கினாள். ஒண்ணு, ரெண்டு. மூன்றாவதில் கால் போய்விட்டது. இரண்டு ஆள் நீளத்துக்குச் சறுக்கி, ஒரு வேரில் ஒற்றைக் கால் மாட்டி நின்றாள். ஊன்றுகோல் ஒன்று கீழே உருண்டு போகிற சத்தம் வெகுநேரம் கேட்டது. முதுகுப் பை அவளைப் பின்னால் இழுத்துக்கொண்டிருந்தது.

அய்யனார் கீழிருந்து, "யம்மா, அசையாதீங்க, சாரை விட்டுட்டு வர்றேன்" என்றார். சாரை விட முடியவில்லை. சார் அவரை விடவில்லை.

சுலோசனா குனிந்து ஷூக் கயிற்றை அவிழ்த்தாள்.

"சுலோ" என்றார் அர்ச்சுனன். "வேணாம். அய்யனார் வந்துடுவாரு."

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். காலைக் காட்டினால் என்ன ஆகும் என்று அவளுக்கும் தெரியும். கல்யாணம் நிற்கலாம். மகன் முகம் மாறலாம். அது பாசம் இல்லை, கூச்சம்தான் என்று மூன்று வருடக் கேள்விக்கு இங்கேயே, எல்லோர் முன்னாலும், பதில் கிடைத்துவிடலாம். ஆனால் அந்த வேர் அவ்வளவு நேரம் தாங்காது. அதற்கு யோசிக்கும் வழக்கம் இல்லை.

"புடிங்க" என்று ஷூக்களையும் சாக்ஸையும் அவர் கையில் கொடுத்தாள்.

பாசியில் கால் வைத்ததும் உடம்பு முழுக்க ஒரு நிம்மதி பரவியது. பெருவிரல் தொட்டுப் பார்த்தது. வழுக்கல் மேல் பகுதியில்தான். அடியில் பாறை சொரசொரப்பாக இருந்தது, களிமண்ணைவிட எவ்வளவோ யோக்கியம். பாதத்தைப் பக்கவாட்டில் திருப்பி, நகர்த்தி, நகர்த்தி, அம்சவல்லியிடம் போய்ச் சேர்ந்தாள். முதலில் அவள் முதுகுப் பையைக் கழற்றினாள். கழற்றியதை எங்கே வைப்பது என்று யோசிக்கவே இல்லை. கை தானாகத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டது. தலையில் பாரம் ஏறியதும் நடை நேரானது.

"என் தோளைப் புடிச்சுக்கங்க. காலைத் தூக்காதீங்க. நவுத்துங்க. தூக்காதீங்கன்னா."

அம்சவல்லி தோளைப் பிடித்தாள். நாலைந்து அடி நகர்ந்ததும் காதருகில் மெல்லச் சொன்னாள்: "எனக்கு முட்டி ஆறு மாசமா சரியில்லக்கா. டாக்டர் மலையே ஏறக்கூடாதுன்னுட்டார். இவர்கிட்ட சொல்லிடாதீங்க."

"அப்புறம் எதுக்குங்க ஏறுறீங்க?"

"க்ரூப்ல நான்தான் லீடர்."

சுலோசனா தலையில் இருந்த பையைச் சரிசெய்துகொண்டாள். தன்னைப் போல இன்னொருத்தியும் காலையிலிருந்து காலை மறைத்துக்கொண்டு நடந்திருக்கிறாள் என்பதில் அவளுக்கு ஒரு வகையான சந்தோஷம். நல்ல சந்தோஷம் என்று சொல்ல முடியாது.

கீழே வந்து சேர்ந்ததும் பையை இறக்கி வைத்தாள். மழைத் தண்ணீரில் கழுவி வெளுத்து அவள் கால்கள் எல்லோர் முன்னாலும் நின்றன. ஒளிக்கப் புடவை இல்லை. மலைக்கென்று சுடிதார் போட்டிருந்தாள். அர்ச்சுனன் உட்கார்ந்து நகர்ந்தே இறங்கி வந்து சேர்ந்தார், கைக்கு ஒரு ஷூவாகப் பிடித்துக்கொண்டு.

முதலில் பேசியது அம்சவல்லி. "அடடா, ஷூ கடிச்சுக் காலெல்லாம் எப்படி வெடிச்சிருக்குது பாருங்க. புது ஷூவோட மலை ஏறவே கூடாதுக்கா." குரல் தேவைக்குமேல் உரக்க இருந்தது. பையைத் திறந்து களிம்பையும் பிளாஸ்டரையும் எடுத்தாள். இருபத்து நான்கு வருட வெடிப்பின்மேல் பிளாஸ்டர் ஒட்டத் தயாரானாள்.

"ஆமாங்க, புது ஷூ" என்று அர்ச்சுனன் தொற்றிக்கொண்டார். "நான் அப்பவே சொன்னேன்."

அம்சவல்லியின் கண் சுலோசனாவின் கண்ணைப் பார்த்தது. நான் மூடுகிறேன், நீ சும்மா இரு என்றது அந்தப் பார்வை. நல்ல மனசுதான். அம்பாரத்தின்மேல் கீற்று போடுகிற மாதிரி இரண்டு பேர் சேர்ந்து அவளை மூடிக்கொண்டிருந்தார்கள். மழைக்கு மூடினால் சரி. இது எதற்கு?

காலை இழுத்துக்கொண்டாள். "ஷூ கடிக்கலைங்க. இது அளத்துக் காலு. இருபத்திநாலு வருஷம் உப்பு வாரினது."

தமிழ்வேந்தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஈரச் சட்டையில் துடைத்ததால் இன்னும் மங்கியது. மாட்டிக்கொண்டு அர்ச்சுனனைப் பார்த்தார்.

"வேலைக்கு ஆளுங்க இருக்காங்கன்னு சொன்னீங்களே சார்?"

அர்ச்சுனன் இரண்டு ஷூக்களையும் பார்த்தார். வேறு எதையும் பார்க்க முடியவில்லை போலிருந்தது.

"இவங்கதாங்க ஆளுங்க" என்றார்.

அய்யனார் சட்டென்று அந்தப் பக்கம் திரும்பி ஒரு மரத்தைக் கவனமாகப் பார்த்தார். அவர் தோள் குலுங்கியது.

"அப்பா, எனக்குத் தெரியும்பா" என்றாள் தமிழ்நிலா. "ரெண்டு வருஷம் முன்னாடியே ராஜ் சொல்லிட்டாரு. ஷூ வாங்கும்போது நான்தான் கூடப் போனேன். லேடீஸ் ஷூவுல எங்கம்மா காலுக்கு அகலம் பத்தாது, வலிக்கும், ஜென்ட்ஸ் ஷூவே குடுங்கன்னு கடைக்காரன்கிட்ட சண்டை போட்டாரு." பிறகு கொஞ்சம் தயங்கி, "அம்மாவுக்கும் தெரியும்" என்றாள்.

அம்சவல்லி களிம்பு மூடியை மிகக் கவனமாகத் திருகி மூடினாள்.

"எனக்கு மட்டும் ஏன் சொல்லல?" என்றார் தமிழ்வேந்தன்.

"சொன்னா யோசிச்சுச் சொல்றேன்னு சொல்லுவீங்க."

அவர் ஒரு நிமிடம் யோசித்தார். "யோசிச்சுத்தானே சொல்லணும்" என்றார்.

ஊர் திரும்பும்போது வாடகைக் காரில் அர்ச்சுனன் முன் சீட்டில் ஏறியதுமே தூங்கிவிட்டார். பின் சீட்டில் சுலோசனா காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். ஷூக்கள் ஒரு பிளாஸ்டிக் பையில். பக்கத்தில் ராஜ்கமல்.

"ஏன்டா, இனிமே அளத்துக்குப் போவாதன்னு சொன்னியே. எதுக்குடா சொன்ன?" மூன்று வருடம் வைத்திருந்ததை விழுப்புரம் டோல்கேட் தாண்டும்போது துப்பிவிட்டாள்.

"நானாம்மா சொன்னேன்? அப்பாதான் சொல்லச் சொன்னாரு. நான் சொன்னா கேக்க மாட்டா, நீ சொன்னா கேப்பான்னாரு."

"அவரா? எதுக்காம்?"

"அதை அவரையே கேளு."

முன் சீட்டில் குறட்டை நின்றது. பிறகு முன்பைவிடக் கொஞ்சம் பலமாகவே தொடங்கியது.

அவள் கேட்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். இருபத்தேழு வருடம் முன்பு இரும்பை கிராமத்திலிருந்து கல்யாணமாகி வந்தபோது இந்தக் கால்களில் மருதாணி இருந்தது. அங்கே நெல் நடுகிறவர்களுக்கு உப்பு வேலை என்றால் பயம். அளத்துக்கு அனுப்புவீங்களா என்று அவள் அப்பா கேட்டபோது மாப்பிள்ளையாக வந்த அர்ச்சுனன் சொன்ன பதில் இப்போது நினைவுக்கு வந்தது. வேலைக்கு ஆளுங்க இருக்காங்க, இது வூட்ல சும்மாதான் இருக்கும். அதே வாக்கியம். கல்யாணமான மூன்றாவது மாதம் அவள் கூடையைத் தூக்கினாள். தமிழ்வேந்தனிடம் அவர் புதுப் பொய் எதையும் சொல்லவில்லை. பழைய வாக்கைத்தான் காப்பாற்றப் பார்த்திருக்கிறார், இருபத்து நான்கு வருடம் தாமதமாக, மகன் வாயால், கடைசியில் ஒரு ஜோடி ஷூவால். அவர் வெட்கப்பட்டது அவள் காலைப் பார்த்து இல்லை. இத்தனை வருடமாக யார் யாருடைய வெட்கத்தையோ தன்னுடையது என்று அவள் தூக்கிச் சுமந்திருக்கிறாள். தலைச்சுமைக்குப் பழகியவளுக்கு எதுவும் கனமாகத் தெரிவதில்லை.

தமிழ்வேந்தன் பதினோரு நாள் யோசித்தார். பன்னிரண்டாம் நாள் போன் செய்து, சம்மதம் என்றார். உண்மையைச் சொன்னவர் வீட்டில் பெண்ணைக் கொடுக்கலாம் என்று அவருக்குப் பட்டதாம். யார் உண்மையைச் சொன்னார்கள் என்பதை அர்ச்சுனன் விசாரிக்கவில்லை. அம்சவல்லி போனை வாங்கிக்கொண்டாள்.

"அக்கா, உங்க நடையைப் பத்தி எங்க க்ரூப்ல சொன்னேன். எல்லாருக்கும் வெறுங்கால் பயிற்சி வேணுமாம். பொங்கல் கழிச்சு வரலாமா?"

தை பதினைந்தில் பதினான்கு பேர் வேனில் வந்து இறங்கினார்கள். அர்ச்சுனன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வரப்பில் நின்றார். பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு பதினான்கு பேரும் பாத்தியில் இறங்கினார்கள், ஒரு ரூபாய் கூலி இல்லாமல். அவர் சொன்னது கடைசியில் பலித்துவிட்டது: வேலைக்கு ஆளுங்க இருந்தார்கள். அம்சவல்லி முட்டிக்குப் பட்டி போட்டு வரப்பில் நாற்காலியில் உட்கார்ந்து ஒண்ணு, ரெண்டு எண்ணினாள். காலைத் தூக்காதீங்க, தூக்காதீங்க என்று சுலோசனா தொண்டை வற்றக் கத்தினாள். அவர்கள் தூக்கினார்கள். போட்டோவுக்காகக் குதிக்கவும் செய்தார்கள். போகும்போது அம்சவல்லி ஒரு கிலோ இந்துப்பைப் பரிசாகக் கொடுத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை பாத்தி முழுக்கக் குழி. ஆராயி வரப்பில் நின்று பார்த்தாள்.

"குணம் தெரிஞ்சுதாக்கா?"

"வா, பேசாம இறங்கு" என்றாள் சுலோசனா.

முதலிலிருந்து மிதிக்க வேண்டியிருந்தது. சுலோசனா முன்னால், அவள் தோளைப் பிடித்து ஆராயி பின்னால். பாதி வரிசை முடிந்திருக்கும், வரப்பில் அர்ச்சுனனின் போன் அடித்தது. "சொல்லுங்க சம்பந்தி" என்றார். அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். "அவங்களா? அவங்க சும்..." என்று தொடங்கிவிட்டு நிறுத்தினார். சேற்றில் நிற்கும் மனைவியைப் பார்த்தார். அவளும் காலை நகர்த்தாமல் அவரைப் பார்த்தாள்.

"அளத்துல இருக்காங்க" என்றார் போனில். "கூப்பிடட்டுமா?"

"ஓனரம்மா பிஸின்னு சொல்லுங்க மாமா" என்றாள் ஆராயி.

சுலோசனா பெருவிரலால் தரையைத் தொட்டுப் பார்த்தாள். அடுத்த அடியை நகர்த்தினாள்.